டெக்சாஸ் பிடிக்கிறது, கலிஃபோர்னியா கையை விரிக்கிறது: குடியேற்றச் சட்டம் யார் கையில்?

டல்லாஸ் பக்கம் எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் தம்பியை நினைத்துக் கவலைப்பட்டு ஒரு அக்காவாகக் கேட்டிருக்கிறீர்கள். “குடியேற்றம் மத்திய அரசின் விஷயம் என்கிறார்கள். அப்படியானால் டெக்சாஸ் மாநிலப் போலீஸ் எப்படிக் கைது செய்யலாம்? கலிஃபோர்னியா போலீஸ் மத்திய அதிகாரிகளுக்கு உதவ மாட்டோம் என்கிறதே, அது மட்டும் எப்படிச் செல்லும்? தம்பியை ரோட்டில் நிறுத்தினால் என்ன ஆகும்?” என்று எழுதியிருந்தீர்கள். ஃபெடரல் அரசு, அதாவது மத்திய அரசு, போட்ட ஒரு சட்டத்தை, அந்த அரசிடம் சம்பளம் வாங்காத போலீஸ்காரர் அமல்படுத்தலாமா, அமல்படுத்தியே தீர வேண்டுமா என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளடக்கம். இந்த ‘லாமா’வும் ‘வேண்டுமா’வும் தனித்தனிக் கேள்விகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் டெக்சாஸும் கலிஃபோர்னியாவும் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தெரிகிறது.

அரிசோனாவில் சாண்ட்லர் நகரத்தில் 2006-லிருந்து குடியேற்ற வழக்குகள் பார்த்துவருகிறேன். குற்றவியல் வழக்கு என் துறை இல்லை. அந்தப் பக்கம் போகும் கட்சிக்காரரை வேறு வக்கீலிடம் அனுப்பிவிடுவேன். கீழே சொல்வதை அந்த எல்லைக்குள் வைத்துப் படியுங்கள்.

முதலில் உங்கள் வயிற்றில் கொஞ்சம் பால் வார்க்கிறேன். எல்லோரும் பேசுகிற டெக்சாஸ் சட்டம், எஸ்.பி. 4 (எஸ்.பி. என்றால் மாநில செனட் மசோதா), ஆளுநர் கிரெக் அபாட் 2023 டிசம்பரில் கையெழுத்திட்டது. அனுமதிக்கப்பட்ட நுழைவிடத்தைத் தவிர்த்து வேறு வழியாக வெளிநாட்டிலிருந்து நேரே டெக்சாஸுக்குள் வருவதை அது மாநிலக் குற்றமாக்குகிறது. விமான நிலையத்தில் கைரேகை வைத்து, அதிகாரி முன் நின்று, விசாவோடு உள்ளே வந்தவர் அந்தக் குற்றத்தைச் செய்தவர் ஆகமாட்டார். அவருடைய அனுமதிக் காலம் பின்னால் முடிந்துபோனாலும் அது ‘சட்டவிரோத நுழைவு’ ஆகாது. காலம் கடந்து தங்குவது ஃபெடரல் சட்டத்திலேயே சிவில் மீறல்தான். அதற்கு நாடு கடத்தலாம், சிறைத் தண்டனை கிடையாது. எல்லையைத் திருட்டுத்தனமாகக் கடப்பது மட்டும் ஃபெடரல் குற்றம், முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை. இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் ஏதுமில்லை.

இனி ‘லாமா’. நம் ஊர் அரசமைப்பில் ஏழாவது அட்டவணையைத் திறந்தால் ஒன்றியப் பட்டியலில் குடியுரிமை, அயல்நாட்டினர், விசா, வெளியேற்றம் எல்லாம் பளிச்சென்று எழுதியிருக்கும். அமெரிக்க அரசமைப்பில் அப்படி ஒரு வரி இல்லை. குடியுரிமை வழங்குவதற்கு ஒரே சீரான விதி செய்யும் அதிகாரம் காங்கிரசுக்கு உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. யாரை உள்ளே விடலாம், யாரைத் துரத்தலாம் என்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அதனால் முதல் நூறு ஆண்டு நியூயார்க், மாசசூசெட்ஸ் போன்ற துறைமுக மாநிலங்களே கப்பலில் வந்தவரிடம் தலைவரி வாங்கின, ஏழையென்றால் ஜாமீன் பத்திரம் கேட்டன. 1876-ல்தான் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது.

அந்த ஆண்டின் சை லங் வழக்கு எனக்கு எப்போதும் மனத்தில் நிற்கும் ஒன்று. ‘ஜப்பான்’ என்ற நீராவிக் கப்பலில் சான் ஃபிரான்சிஸ்கோ வந்திறங்கிய சீனப் பெண்களில் 22 பேரை, நடத்தை கெட்டவர்கள் என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டி, கலிஃபோர்னியாவின் குடியேற்ற ஆணையர் தடுத்துவைத்தார். ஒவ்வொருவருக்கும் 500 டாலர் பத்திரம் கட்டினால்தான் விடுவேன் என்றார். உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. ஒரு மாநிலத்தின் அதிகாரி வேற்று நாட்டுப் பிரஜையை அவமதித்தால், அந்த நாட்டுக்குப் பதில் சொல்லப்போவது கலிஃபோர்னியாவா, வாஷிங்டனா என்பதுதான் அது எழுப்பிய கேள்வி. இன்றுவரை ஒவ்வொரு வழக்கிலும் இந்தக் கேள்வி திரும்ப வருகிறது.

பிறகு 1941. வெளிநாட்டவர் ஆண்டுக்கு ஒருமுறை பதிவு செய்து, ஒரு டாலர் கட்டி, அட்டையைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்று பென்சில்வேனியா சட்டம் போட்டிருந்தது. அதே பதிவு வேலையை ஃபெடரல் அரசு 1940-ல் கையில் எடுத்துவிட்டதால், மாநிலத்துக்கு இனி அங்கே இடமில்லை என்றது நீதிமன்றம். ஆனால் கதவை முழுக்க அடைக்கவில்லை. ஆவணமில்லாதவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற கலிஃபோர்னியாச் சட்டத்தை 1976-ல் செல்லும் என்றது; வேலை கொடுப்பது மாநிலத்தின் அன்றாட ஆளுகைக்குள் வருவது என்பது காரணம். 1982-ல் ஆவணமில்லாத பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கப் பார்த்த டெக்சாஸை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தடுத்தது. ஆக, மாநிலம் எதையும் தொடக் கூடாது என்று நீதிமன்றம் எப்போதும் சொன்னதில்லை.

நான் இருக்கும் ஊரின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இன்று சாண்ட்லரில் தமிழ்ப் பள்ளி உண்டு, இன்டெல் வேலைக்கு வந்த நம் குடும்பங்கள் ஏராளம். 1997 ஜூலையில் இதே ஊரில் நகரப் போலீசும் எல்லைக் காவல் படையும் சேர்ந்து ஐந்து நாள் தெருத்தெருவாகச் சல்லடை போட்டார்கள். 432 பேரைப் பிடித்து நாடு கடத்தினார்கள். கடை வாசலிலும் வீட்டு வாசலிலும் மறித்துத் தாள் கேட்கப்பட்டவர்களில் அமெரிக்கக் குடிமக்களும் இருந்தார்கள். அவர்களிடம் கேட்கத் தூண்டியது தோல் நிறமும் ஸ்பானிஷ் பேச்சும்தான். வழக்கு நடந்து, நகராட்சி 4 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. நான் இங்கே வந்தபோது பழைய மெக்சிக்கக் குடும்பங்கள் அதை நேற்று நடந்ததுபோலச் சொன்னார்கள்.

2010 ஏப்ரலில் எங்கள் அரிசோனா ஆளுநர் ஜான் ப்ரூவர் எஸ்.பி. 1070-இல் கையெழுத்திட்ட வாரம் என் அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. “அப்பா காலையில் வாக்கிங் போகிறார், பாஸ்போர்ட்டை வேட்டி மடிப்பில் வைத்து அனுப்பவா?” என்று ஒரு பெண் கேட்டார். நான் சிரிக்கவில்லை. கொடுத்து அனுப்புங்கள் என்றுதான் சொன்னேன். அந்தச் சட்டத்தில் நான்கு பிரிவுகள் சண்டைக்குரியவை. ஃபெடரல் பதிவுத் தாள் கையில் இல்லாவிட்டால் மாநிலக் குற்றம் என்றது ஒன்று. அனுமதியில்லாமல் வேலை தேடினாலே குற்றம் என்றது மற்றொன்று. நாடு கடத்தத்தக்க குற்றம் செய்தவர் என்று தோன்றினால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம் என்றது மூன்றாவது. வேறு காரணத்துக்காக நிறுத்தப்பட்டவர் மீது நியாயமான சந்தேகம் வந்தால் அவருடைய குடியேற்ற நிலையைப் போலீஸ் விசாரித்தே ஆக வேண்டும் என்றது நான்காவது.

2012 ஜூன் 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் முதல் மூன்றையும் அடித்துவிட்டது. நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பின் சாரத்தை எளிமையாகச் சொன்னால், யாரைத் துரத்துவது, யாரை இப்போதைக்கு விட்டுவைப்பது என்று தீர்மானிப்பதும் குடியேற்றச் சட்டத்தின் பகுதிதான். அந்தத் தீர்மானம் ஃபெடரல் அரசுக்கு மட்டுமே உரியது. நான்காவது பிரிவை மட்டும், அமலுக்கு வருமுன்பே தள்ளுபடி செய்ய முடியாது, நடைமுறையில் நிறப் பாகுபாடு தெரிந்தால் வேறு வழக்காக வரட்டும் என்று விட்டுவைத்தது. 2015-ல் வேறொரு வழக்கில் போக்குவரத்து நிறுத்தத்தை அதன் காரணம் முடிந்த பிறகு இழுத்தடிக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டதும், அந்த நான்காவது பிரிவின் பல்லும் பாதி உதிர்ந்தது. குடியேற்ற நிலையைச் சரிபார்ப்பதற்காக மட்டும் வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது என்று 2016-ல் அரிசோனாவே தன் போலீசுக்கு வழிகாட்டுதல் தந்து சமரசம் செய்துகொண்டது.

அடுத்து ‘வேண்டுமா’. இங்கே குடியேற்றத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு துப்பாக்கி வழக்குதான் அடித்தளம். கைத்துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை உள்ளூர் ஷெரீஃப் (கவுண்டி என்ற மாவட்டத்தின் போலீஸ் தலைவர்) சரிபார்க்க வேண்டும் என்று ஃபெடரல் சட்டம் சொன்னது. மோன்டானாவிலும் அரிசோனாவிலும் இரண்டு ஷெரீஃப்கள், நாங்கள் வாஷிங்டனின் எடுபிடிகள் இல்லை என்று வழக்குப் போட்டார்கள். 1997-ல் நீதிபதி ஸ்காலியா அவர்கள் பக்கம் தீர்ப்பு எழுதினார். மாநில அதிகாரிகளை ஃபெடரல் அரசு வேலை வாங்க முடியாது என்பது அன்றிலிருந்து உறுதியான விதி. துப்பாக்கி உரிமைக்காரர்கள் கொண்டாடிய அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் இன்று கலிஃபோர்னியா நிற்கிறது. ஒருவரை 48 மணி நேரம் கூடுதலாக ஜெயிலில் வைத்திரு என்று ஐஸ் (ஃபெடரல் குடியேற்ற அமலாக்கத் துறை) அதிகாரிகள் அனுப்பும் ‘டிடெய்னர்’ வெறும் வேண்டுகோள்தான், கட்டளை இல்லை என்று பிலடெல்ஃபியாவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-ல் சொன்னது. மாநிலப் போலீஸ் ஐஸுக்கு உதவுவதைக் கட்டுப்படுத்திக் கலிஃபோர்னியா 2017-ல் போட்ட எஸ்.பி. 54-ஐ, அந்த வட்டாரத்துக்கான ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றமான ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் ஏற்றது; 2020-ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

கவனியுங்கள்: கலிஃபோர்னியா ‘உதவ மாட்டேன்’ என்று மட்டும்தான் சொல்லலாம். ஃபெடரல் அதிகாரி தானே வந்து தெருவில் கைது செய்தால் குறுக்கே நிற்க முடியாது. கடுமையான குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரை ஒப்படைக்க அந்த எஸ்.பி. 54-லேயே இடமுண்டு. இப்படி உதவ மறுக்கும் ஊரை ‘அடைக்கல நகரம்’ என்பார்கள்; அது ஐஸ் நுழைய முடியாத கோட்டை என்று நம்மவர்கள் பலர் நினைப்பது தவறு. மறுபக்கம், மாநிலத்தை ஃபெடரல் அரசு வேலை வாங்க முடியாது என்ற விதி, நகரத்தை மாநிலத்திடமிருந்து காப்பாற்றாது. டெக்சாஸ் 2017-லேயே தன் ஷெரீஃப்கள் டிடெய்னரை மதிக்க வேண்டும் என்றும், நிறுத்தப்பட்டவரின் குடியேற்ற நிலையைப் போலீஸ்காரர் கேட்பதை எந்த நகரமும் தடுக்கக் கூடாது என்றும் சட்டம் போட்டது. லரேடோவுக்கு அருகே உள்ள எல் செனீசோ என்ற சின்னஞ்சிறு ஊர் வழக்குக்குப் போய்ப் பெரும்பாலும் தோற்றது.

நிஜத்தில் இந்தச் சண்டை நடக்கும் இடம் எல்லைக் கோடும் இல்லை, உச்ச நீதிமன்றமும் இல்லை. கவுண்டி ஜெயிலில் கைரேகை எடுக்கிற மேசைதான் அது. 20 ஆண்டு அனுபவத்தில் இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். யாரையாவது எந்தக் காரணத்துக்காவது ஜெயிலுக்குக் கொண்டுபோய்க் கைரேகை எடுத்தால், அது எஃப்.பி.ஐ.க்குப் போகும், அங்கிருந்து குடியேற்றத் துறையின் கணினிக்கும் போகும். கலிஃபோர்னியா ஜெயிலாக இருந்தாலும் அப்படித்தான். அதற்குப் பிறகு அந்த ஆளை ஒப்படைப்பதா, விடுவதா என்பதில்தான் மாநிலங்கள் வேறுபடுகின்றன. 1996-ல் வந்த 287(ஜி) என்ற பிரிவு, உள்ளூர் போலீசுக்குப் பயிற்சி கொடுத்து ஃபெடரல் அதிகாரியின் வேலையைச் செய்யவைக்க ஒப்பந்தம் போட அனுமதிக்கிறது. இது சட்டப்படி சுத்தமான வழி. காங்கிரசே திறந்துவைத்த கதவு. 2025 தொடக்கத்தில் சுமார் 135 ஆக இருந்த இந்த ஒப்பந்தங்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டின. டெக்சாஸும் ஜெயில் நடத்தும் தன் ஷெரீஃப்களை இதில் சேரச் சொல்லி 2025-ல் சட்டம் இயற்றியது. புதிய குற்றங்களை உருவாக்கும் சட்டங்களைப் பற்றித்தான் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. ஆட்களின் வாழ்க்கையை மாற்றுவது இந்த ஒப்பந்தங்கள்.

சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதிக்கு வருகிறேன். எஸ்.பி. 4-ஐ 2024 பிப்ரவரியில் ஆஸ்டினில் நீதிபதி டேவிட் எஸ்ரா நிறுத்தினார். மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் வழிவிட, சில மணி நேரம் சட்டம் உயிரோடு இருந்தது. அன்றிரவே ஐந்தாவது வட்ட நீதிமன்றம் மறுபடி நிறுத்தியது. 2025 ஜூலையில் மூவர் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என, தடையை உறுதி செய்தது. ஆகஸ்டில் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு வழக்கை மறுபடி கேட்க முடிவெடுத்தது. ‘படையெடுப்பு’ நடந்தால் மாநிலம் போர் செய்யலாம் என்று அரசமைப்பில் உள்ள வாசகத்தை டெக்சாஸ் பிடித்துக்கொண்டு வாதாடுகிறது. 2012 தீர்ப்பை எழுதியவரும் அதில் சேர்ந்த மற்ற நால்வரில் இருவரும் இன்று உச்ச நீதிமன்றத்தில் இல்லை. தீர்ப்பு அப்படியே நிலைக்கும் என்று அடித்துச் சொல்லும் வக்கீலை நான் நம்பமாட்டேன்; கவிழ்ந்துவிடும் என்று அடித்துச் சொல்பவரையும் நம்பமாட்டேன். ஃபுளோரிடாவின் இதே மாதிரிச் சட்டத்தை அமல்படுத்த அனுமதி கேட்டபோது, 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுத்தது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாநிலங்களின் குறையை நான் தள்ளிவிடவில்லை. 1993-ல் எல் பாசோவிலும் 1994-ல் சான் டியேகோவிலும் ஃபெடரல் அரசு எல்லையை இறுக்கியபோது, கூட்டம் எங்கள் அரிசோனாப் பாலைவனத்துக்குத் திரும்பியது. வாஷிங்டன் எடுத்த முடிவுக்குப் பிணவறையும் மருத்துவமனையும் பள்ளியும் இந்த மாநிலம் நடத்த வேண்டியிருந்தது. வருகிறவரை மருத்துவமனை திருப்பி அனுப்பக் கூடாது, பிள்ளையைப் பள்ளி மறுக்கக் கூடாது, ஆனால் யார் வரலாம் என்பதில் உனக்குப் பேச்சில்லை என்றால் எந்த மாநிலத்துக்கும் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது. அதற்கு அவர்கள் தேடிய மருந்துதான் தவறு என்பது என் கருத்து, அதற்குக் காரணமும் சொல்கிறேன்.

நிலை தெரியாத ஒருவரைப் பார்த்துச் சந்தேகப்பட, சாலையில் நிற்கும் போலீஸ்காரரிடம் இருப்பது கண்ணும் காதும்தான். ஆள் எப்படி உள்ளே வந்தார் என்பது முகத்தில் எழுதியிருக்காது. நிறமும் உச்சரிப்பும்தான் தெரியும். சாண்ட்லர் இருக்கும் மாரிகோபா கவுண்டியில் ஷெரீஃப் ஜோ ஆர்பையோவின் ஆட்கள் லத்தீனோக்களைப் பாகுபாட்டோடு நிறுத்தினார்கள் என்று 2013-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்குக்குக் கவுண்டி மக்கள் கட்டிய வரிப்பணம் பல கோடி டாலர் போனது. அலபாமா 2011-ல் இன்னும் கடுமையான சட்டம் கொண்டுவந்தது. பள்ளியில் லத்தீனோப் பிள்ளைகளின் வருகை சட்டென்று குறைந்தது. தக்காளி பறிக்க ஆளில்லாமல் செடியிலேயே அழுகியது. அந்த மாநிலம் கெஞ்சி வரவழைத்த மெர்சிடிஸ் ஆலையைப் பார்க்க வந்த ஜெர்மானிய அதிகாரி ஒருவரே உரிய தாள் கையில் இல்லை என்று கைதானார். குற்றம் குறையும் என்ற வாதத்துக்கும் ஆதரவு மெலிவு: ஜெயில் கைரேகைத் திட்டம் கவுண்டி கவுண்டியாக விரிந்த காலத்தை ஆராய்ந்த தாமஸ் மைல்ஸ், ஆடம் காக்ஸ் என்ற இரு சட்டப் பேராசிரியர்கள், குற்ற விகிதத்தில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இல்லை என்று 2014-ல் எழுதினார்கள். இது ஒரு திட்டத்தைப் பற்றிய ஆய்வு. எல்லாக் கெடுபிடிக்கும் இதையே முடிவாக நீட்ட முடியாது.

இன்னொரு தயக்கமும் எனக்கு உண்டு. எஸ்.பி. 4-இன்படி மாநில நீதிபதி ஒருவரை மெக்சிகோவுக்குப் போகச் சொல்லலாம். ஆள் ஹோண்டுராஸ்காரராகவோ இந்தியராகவோ இருந்தாலும் போக வேண்டிய இடம் மெக்சிகோதான். டெக்சாஸ் அனுப்பும் யாரையும் ஏற்கமாட்டோம் என்று மெக்சிகோ அப்போதே சொல்லிவிட்டது. பாலத்தின் நடுவில் நிற்கிற அந்த மனிதருக்கு யார் பொறுப்பு? 1876-ல் அந்த 22 பெண்களுக்காகக் கேட்கப்பட்ட கேள்வி இதுவேதான்.

உங்கள் தம்பிக்கு வருகிறேன். அவரைச் சாலையில் நிறுத்தினால் ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, காப்பீடு கொடுக்க வேண்டும். 18 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் பதிவுச் சான்றைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது பழைய ஃபெடரல் சட்டம். அவருக்கு அந்தச் சான்று ஐ-94 தாள், அதாவது எந்தத் தேதிவரை தங்கலாம் என்று காட்டும் நுழைவுப் பதிவு. அச்சடித்த பிரதி ஒன்று பர்ஸில் இருக்கட்டும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை என்றால், வக்கீலோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லலாம். பொய் மட்டும் சொல்லக் கூடாது. முக்கியமாக, பயத்தில் “நான் அமெரிக்கக் குடிமகன்” என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. அந்த ஒரு பொய் கிரீன் கார்டுக்கான வழியை ஆயுளுக்கும் அடைத்துவிடும். குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சிக்கினால் நான் மேலே சொன்ன கைரேகை மேசைக்குத்தான் போவார். வழக்கு நிரூபணமாகும் முன்பே விசாவைத் தூதரகம் ரத்து செய்வது உண்டு. என்னிடம் வந்த நம் பையன்களில் சட்டத்தோடு மோதிய பெரும்பாலோர் இந்த வழியாக வந்தவர்கள்தான். கைதானால் இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. டெக்சாஸுக்கு அது ஹூஸ்டனில் இருக்கிறது.

எஸ்.பி. 4-ஐவிட எனக்கு அதிகக் கவலை தருவது ஒரு தேதி. எச்-1பி ஒப்புதல் தாளில் மூன்று ஆண்டு போட்டிருக்கும். ஆனால் பாஸ்போர்ட் அதற்குமுன் காலாவதியாவதாக இருந்தால், விமான நிலைய அதிகாரி ஐ-94-இல் பாஸ்போர்ட் தேதியோடு நிறுத்திவிடுவார். ஒப்புதல் தாளை மட்டும் பார்த்துக்கொண்டு, தெரியாமலே மாதக்கணக்கில் காலம் கடந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். தம்பி கடைசியாக ஊருக்கு வந்து திரும்பியபோது போட்ட ஐ-94-ஐ அரசுத் தளத்திலிருந்து இறக்கி, அதிலுள்ள தேதியை உங்களிடம் இன்றிரவே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.